உங்களுக்குத் தெரியுமா? ஒரு வாய் ஓட்ஸ் பணியாரம்

◆ பேரீச்சம்பழத்தைப் பிசைந்து, தானியமும் பருப்பும் சேர்த்து, சின்ன உருண்டையாகப் பிடித்து வைப்பது நேற்று முளைத்த பழக்கமல்ல. 1226இல் பக்தாதில் முஹம்மத் இப்னு அல்ஹஸன் அல்பக்தாதி எழுதிய சமையல் நூலில் 'ஹைஸ்' என்றொரு பண்டம் இருக்கிறது. காய்ந்த ரொட்டியை இடித்துத் தூளாக்கி, ஒரு றாத்தல் தூளுக்கு முக்கால் றாத்தல் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம், கூடவே இடித்த வாதுமையும் பிஸ்தாவும் போட்டுக் கையாலேயே அழுத்திப் பிசைய வேண்டும். காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றி, உருண்டை பிடித்து, மேலே சீனித்தூளைத் தூவ வேண்டும். நல்லெண்ணெய் வேண்டாமென்றால் பட்டர். பயணம் போகிறவர்களுக்கு மிக நல்லது என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

ஹைஸ் அதற்கும் பழையது. நபி (ஸல்) அவர்கள் ஸபிய்யா (ரலி) அவர்களை மணமுடித்தபோது கொடுத்த வலீமா விருந்தே ஹைஸ்தான்: பேரீச்சம்பழம், உலர்ந்த தயிர்க்கட்டி, நெய். ஆகவே கல்முனையிலோ மருதமுனையிலோ ஒரு பிள்ளை ஓட்ஸும் ஈச்சம்பழமும் உருட்டி அவனில் வைத்தால் "இது என்ன வெள்ளைக்காரப் பணியாரம்" என்று மூத்தம்மா முகம் சுளிக்க வேண்டியதில்லை. ரொட்டித் தூள் இருந்த இடத்தில் ஓட்ஸ் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

◆ ஓட்ஸ் முதலில் பயிராகவே மதிக்கப்படவில்லை. கோதுமை, பார்லி வயல்களில் களையாக முளைத்ததைத்தான் ஐரோப்பிய விவசாயிகள் பிற்பாடு தனியாக விதைக்கத் தொடங்கினார்கள். குளிர்நாட்டுப் பயிர், நம் கரையோர வெயிலுக்கு ஒத்துவராது. கல்முனைக் கடைத்தெருவில் நாம் வாங்கும் ஒவ்வொரு பக்கெட்டும் கப்பலில் வந்ததே.

◆ பக்கெட்டில் தட்டையாக இருக்கும் ஓட்ஸ் பச்சைத் தானியமல்ல. உமி நீக்கிய ஓட்ஸில் கொழுப்பு கூடுதலாக இருப்பதால், அதிலுள்ள ஒரு நொதி அந்தக் கொழுப்பை உடைத்துச் சீக்கிரமே சிக்கு வாடையும் கசப்பும் வரச் செய்துவிடும். அந்த நொதியை அடக்க ஆலையிலேயே ஆவியில் அவித்து, உருளைகளுக்கு நடுவே நசுக்கிக் காயவைக்கிறார்கள். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்து அவலாக்குவதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஈரமும் சூடும் அழுத்தமும் சேர்ந்து தானியத்தை அடுப்பில் அதிகம் வேகத் தேவையில்லாததாக ஆக்கிவிடுகின்றன.

இதை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அம்பாறை மாவட்டம் இலங்கையின் பெரிய நெல் களஞ்சியங்களில் ஒன்று. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் வயல் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே ஓட்ஸ் விலை கேட்டு மலைக்கிறார்கள். உருண்டைக்கான ஓட்ஸில் பாதியை எடுத்துவிட்டு, வெறும் சட்டியில் மொறுமொறுப்பாக வறுத்த சிவப்பு அரிசி அவலைப் போட்டுப் பாருங்கள். உருண்டை உடையாது, கடிக்கும்போது இன்னும் நன்றாகவே இருக்கும். ஓட்ஸில் உள்ள கரையும் நார் அவலில் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

◆ அந்த நாரின் பெயர் பீட்டா குளுக்கன். ஓட்ஸ் கஞ்சி வழவழவென்று இழுபடுவது அதனால்தான். நாளொன்றுக்கு அது 3 கிராம் உடம்பில் சேர்ந்தால் கெட்ட கொலஸ்ட்ரோல் குறைந்து இதய நோய் வரும் ஆபத்தும் குறையலாம் என்று உணவுப் பொதியில் எழுத, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் அனுமதி கொடுத்தது. அதற்குப் பிறகு ஓட்ஸின் மவுசு இன்னும் கூடியது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 3 கிராம் கிடைக்க ஏறத்தாழ 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். கீழே நான் சொல்லும் அளவில் ஓர் உருண்டையில் இருப்பது 6 கிராம் ஓட்ஸ். கொலஸ்ட்ரோலுக்காக என்று சாப்பிட்டால் 12 உருண்டைக்கு மேல் போக வேண்டும், கூடவே 11 தேக்கரண்டி சீனியும் உள்ளே போய்விடும். கொலஸ்ட்ரோலுக்கு ஓட்ஸ் கஞ்சியைக் குடியுங்கள். உருண்டையை நல்ல தின்பண்டமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

◆ தடித்த ஓட்ஸுக்கும், சுடுநீர் ஊற்றிய மறுநிமிடம் கரையும் மெல்லிய ஓட்ஸுக்கும் வேறுபாடு உண்டு. மெல்லியது சீக்கிரம் சமித்து இரத்தச் சீனியைச் சீக்கிரம் ஏற்றும். உருண்டைக்கும் அது பொருந்தாது, கூழாகிவிடும். தடித்ததைக் கேட்டு வாங்குங்கள்.

◆ செய்முறை இதுதான். தடித்த ஓட்ஸ் 2 கோப்பை, ஏறக்குறைய 180 கிராம். கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 150 கிராம். நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்று. எள்ளு, தோல் உரித்த பூசணி விதை, வறுத்துக் கரகரப்பாக இடித்த கச்சான், ஒவ்வொன்றும் 50 கிராம். சட்டியில் ஈரம் போக வறுத்த தேங்காய்ப்பூ ஒரு கைப்பிடி. தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி. ஒரு சிட்டிகை உப்பு, கறுவாத்தூள், இரண்டு ஏலக்காய்.

பேரீச்சம்பழத்தைக் கொஞ்சம் சுடுநீரில் 10 நிமிடம் ஊறப்போட்டு, நீரைப் பிழிந்துவிட்டு, வாழைப்பழத்தோடு சேர்த்துப் பசையாக மசியுங்கள். ஓட்ஸை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், சுவையில் பாதி இங்கேதான் இருக்கிறது. எல்லாவற்றையும் கலந்து கால் மணித்தியாலம் மூடி வைத்தால் ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு கையில் ஒட்டாது. 30 உருண்டைகளாகப் பிடித்து, இலேசாகத் தட்டி, ஒயில் பேப்பர் விரித்த தட்டில் வைத்து 160 பாகை செல்சியஸில் 15 முதல் 18 நிமிடம் சுடுங்கள். எடுக்கும்போது மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று நினைத்துத் திரும்ப வைக்காதீர்கள், ஆறும்போது இறுகிவிடும்.

முட்டை இல்லை, கோதுமை மா இல்லை, தனியாகச் சேர்த்த சீனி ஒரு கரண்டிகூட இல்லை. ஒன்றில் 80 கலோரி அளவில் இருக்கும். பள்ளிக்கூட இடைவேளைக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு போதும்.

◆ கடையில் சோடா வாங்கும்போது போத்தலில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டம் பார்த்திருப்பீர்கள். இலங்கையில் 2016இல் குளிர்பானங்களுக்கும், 2019இல் திண்ம உணவுகளுக்கும் வந்த நிறக் குறியீடு அது. திண்ம உணவில் 100 கிராமுக்கு 22 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு.

அந்த அளவுகோலை நம் வீட்டுத் தட்டில் வைத்துப் பார்க்கலாம். உலர்ந்த பேரீச்சம்பழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சீனியே இருக்கிறது. 150 கிராம் பழத்தில் கிட்டத்தட்ட 98 கிராம், வாழைப்பழத்தில் 12 கிராம். சுட்ட பிறகு மொத்த நிறை 600 கிராம் அளவில் நிற்கும். ஆக நூற்றுக்கு 18, செம்மஞ்சள். வாழைப்பழத்தை விட்டுவிட்டு 200 கிராம் பேரீச்சம்பழம் போட்டால் கோட்டின் மேலேயே வந்து நிற்கிறோம். அதன் மேல் இரண்டு கரண்டி தேன் ஊற்றினால் சிவப்பு. "சீனி போடாத பணியாரம்" என்று சொல்லிக்கொண்டே சிவப்பு வட்டத்துக்குள் போய்விடுகிறோம். கொழுப்புக்கும் இப்படியொரு கோடு உண்டு, விதையும் கச்சானும் நிறைந்த உருண்டை அதைத் தாண்டவே செய்யும். அது பெரும்பாலும் நல்ல வகைக் கொழுப்பு என்றாலும் கலோரி கலோரிதான். உருண்டையைச் சின்னதாகப் பிடிக்கச் சொல்வது அழகுக்காக அல்ல.

இதில் நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், 2005–2006 காலத்தில் நாடளாவிய முறையில் எடுத்த ஆய்விலேயே, 20 வயதுக்கு மேற்பட்ட இலங்கையர் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருந்தது. நம் தெருவில் எந்த வீட்டுக்குப் பணியாரத் தட்டு போனாலும் அங்கே ஒருவர் மாத்திரை போடுகிறவராக இருக்கிறார்.

◆ சர்க்கரைக்கட்டி, கித்துள் பாணி, தேன், பேரீச்சம்பழப் பாகு ஆகிய நான்கிலும் வெள்ளைச் சீனியைவிட வாசம் கூடுதல். இரத்தத்தில் சீனியை ஏற்றுவதில் பெரிய வித்தியாசம் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டல், தேனையும் பாகுகளையும் சீனியோடு ஒரே பட்டியலில்தான் வைத்திருக்கிறது. முழுப் பழத்தோடு நாரும் சேர்ந்து போகிறது என்பதுதான் பேரீச்சம்பழத்துக்கு உள்ள மேன்மை. பிழிந்து பாகாக்கினால் அந்த மேன்மை சக்கையோடு போய்விடுகிறது.

◆ நோன்பு முடிந்து டின்னில் மிஞ்சிய பேரீச்சம்பழத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தால் உடனே எறியாதீர்கள். பழத்தின் சீனி வெளியே வந்து உறைந்ததாகவும் இருக்கலாம். ஒன்றை எடுத்து இலேசாகச் சூடாக்குங்கள். சீனியானால் உருகி மறையும். பூஞ்சணமானால் பஞ்சுபோல அப்படியே இருக்கும், புளித்த மணமும் வரும். அப்போது டின்னோடு எறிந்துவிடுங்கள். இறுகிப்போன பழம் உருண்டைக்கு மிக நல்லது, எப்படியும் ஊறப்போடத்தானே போகிறோம். சவூதி அரேபியா நோன்புக்காக அன்பளிப்பாக அனுப்பிப் பள்ளிவாசல்கள் வழியாகப் பங்கிடப்படும் பழமும் பல வீடுகளில் இப்படித்தான் மூலையில் கிடந்து காய்கிறது.

◆ பேரீச்சை பாலைவனத்தில் மட்டும்தான் காய்க்கும் என்பார்கள். காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே நட்ட மரங்கள் காய்த்துக் குலை தள்ளியதை மட்டக்களப்புப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள்.

◆ இன்னும் ஒரு பேரீச்சைச் செய்தி. மசாதா என்ற பழைய கோட்டையில் 1960களில் தோண்டி எடுத்த ஒரு பேரீச்சங்கொட்டையை 2005இல் நட்டார்கள். ஏறக்குறைய 2000 வருடம் பழைய கொட்டை. முளைத்து மரமாகிவிட்டது.

◆ நம் கரையின் சொந்த விதை எள்ளு. பெரும்போக நெல் அறுத்த பிறகு மழை குறைந்த சிறுபோகத்தில், கொஞ்ச ஈரத்திலேயே விளைந்து தரும் பயிர். உலகில் மனிதன் எண்ணெய்க்காகப் பயிரிட்ட மிகப் பழைய விதைகளில் ஒன்று. ஹரப்பாவில் கருகிய எள்ளு அகழ்வில் கிடைத்திருக்கிறது. எள்ளுருண்டை, எள்ளுப்பாகு என்று நம் வீடுகளில் உருண்டை பிடித்த கைகளுக்கு ஓட்ஸ் உருண்டை புதுப்பாடம் இல்லை.

தோலோடு இருக்கும் எள்ளில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 970 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது, பாலைவிடப் பல மடங்கு. இந்த எண்ணைப் பார்த்துப் பூரித்துப் போகுமுன் அடுத்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கல்சியத்தில் பெரும்பகுதி தோலில் ஒக்சலேற்றோடு பிணைந்து கிடக்கிறது, உடம்பு அதை எளிதில் உறிஞ்சிக்கொள்ளாது. தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் கல்சியமே மிகக் குறைவு. ஆகவே எள்ளு பாலுக்கு மாற்று அல்ல, கூட்டுக்கு நல்லது. வறுக்கும்போது மிதமான சூட்டில் கிளறிக்கொண்டே இருங்கள். படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்கி வேறு பாத்திரத்தில் கொட்டுங்கள். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கசந்துவிடும்.

எள்ளுக்கு இன்னொரு குணமும் உண்டு. மற்ற விதைகளின் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை எடுக்கும், எள்ளெண்ணெய் தாக்குப்பிடிக்கும். செசமின், செசமோல் போன்ற இயற்கைப் பொருட்கள் அதில் காவலாக நிற்கின்றன. அல்பக்தாதி பயணிகளின் உருண்டைக்கு நல்லெண்ணெய் ஊற்றச் சொன்னது சும்மா இல்லை.

◆ வட்டக்காய் வெட்டும்போது விதையை வழித்துக் குப்பையில் போடுகிறோம். அதே விதையைச் சின்னப் பக்கெட்டில் அடைத்து வைத்திருந்தால் வாங்கிக்கொண்டு வருகிறோம்! 100 கிராம் பூசணி விதையில் 550 மில்லிகிராமுக்கு மேல் மக்னீசியம் இருக்கிறது, நாகச்சத்தும் நிறைய. நார் போகக் கழுவி, துணியில் ஒற்றி, இரண்டு மூன்று வெயிலில் காயவைத்தால் தோல் நகத்தாலேயே உரிந்து வரும். வத்தகப்பழ விதையும் அப்படியே. நோன்பு நாட்களில் நம் கரையோர வீடுகளில் எத்தனை வத்தகப்பழம் வெட்டப்படுகிறது! அந்த விதையின் பருப்பில் நூற்றுக்கு 28 பங்கு புரதம்.

◆ ஆளி விதையை முழுசாகப் போட்டால் பெரும்பாலும் முழுசாகவே வெளியே போய்விடும். இடித்துப் போடுங்கள், தேவைப்படும்போது மட்டும் இடியுங்கள்.

◆ கச்சானில் ஒரு பயம் உண்டு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது தீவனத்தில் சேர்த்த கச்சான் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சு என்று தெரிந்தது. அதற்கு அஃப்ளாடொக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஈரலைத் தாக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். அவனில் சுட்டாலும் சட்டியில் வறுத்தாலும் அது முழுசாக அழியாது. கடற்காற்றின் ஈரத்தில் கச்சான் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதையும் "வறுத்தால் சரியாகிவிடும்" என்று உள்ளே போடாதீர்கள். கசப்பு நாக்கில் பட்டால் விழுங்காமல் துப்புங்கள், பிள்ளைகளுக்கும் அப்படியே பழக்குங்கள்.

◆ ஓட்ஸிலும் எள்ளிலும் பூசணி விதையிலும் இரும்புச்சத்து இருக்கிறது. கூடவே ஒரு கோப்பை பிளேன்ட்டி குடித்தால் தேயிலையின் சாயப்பொருள் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேத்தண்ணியும் பணியாரமும் பிரியாத சோடி என்பது எனக்கும் தெரியும். ஆனால் இரத்தம் குறைந்த பெண்களும் வளரும் பெண்பிள்ளைகளும் ஒரு மணித்தியாலமாவது பொறுத்துக் குடிப்பது நல்லது. அந்த நேரத்தில் தேசிக்காய்த் தண்ணீரோ ஒரு துண்டு கொய்யாவோ எடுத்தால் அதிலுள்ள விற்றமின் சி இரும்பை உள்ளே இழுக்க உதவும்.

◆ அவன் இல்லாத வீட்டிலும் இது வேகும். அடி தடித்த பெரிய சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சுத்தமான மணலோ உப்போ பரப்பி, அதன் மேல் ஒரு வளையம், வளையத்தின் மேல் தட்டு. மூடி போட்டு மெல்லிய நெருப்பில் 10 நிமிடம் வெறுமனே சூடேற்றிய பிறகு உருண்டைத் தட்டை உள்ளே வைக்க வேண்டும். 20 முதல் 25 நிமிடம் பிடிக்கும். மேல்பக்கம் சிவக்காது, மூடியின் மேல் கொஞ்சம் தணல் போட்டால் அதுவும் சிவக்கும். 2022இல் காஸ் வரிசையும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டும் வந்தபோது, அவன் வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். தணலில் சுடத் தெரிந்தவர்களின் வீட்டில் பணியாரம் நிற்கவில்லை.

◆ பொன்னிறம் போதும், கறுக்க விடாதீர்கள். தானியமும் கிழங்கும் 120 பாகைக்கு மேல் வறண்ட சூட்டில் கருகும்போது அக்ரிலமைட் என்ற வேண்டாத பொருள் உண்டாவதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். 200 பாகையில் அவசரமாகச் சுடுவதைவிட 160இல் ஆறுதலாகச் சுடுவது சுவைக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

◆ பளீரென்று செம்மஞ்சளாக இருக்கும் உலர்ந்த அப்ரிகொட் கந்தகப் புகையில் நிறம் காத்தது. கந்தகம் படாதது மண்ணிறமாக இருக்கும். இழுப்பு உள்ள சிலருக்கு இந்தக் கந்தகம் ஒத்துக்கொள்ளாது. கேக்கில் போடும் சிவப்பு, பச்சைத் துண்டுகளோ உலர்ந்த பழமே இல்லை. பெரும்பாலும் பப்பாசிக்காயைச் சீனிப்பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியது. பூசணி தோசியும் சீனிதான். நிறத்துக்கு ஆசையென்றால் வெயிலில் காயவைத்த மாம்பழத் துண்டு போதும்.

◆ சூடு ஆறுமுன் டின்னில் அடைத்தால் உள்ளே வியர்த்து மறுநாளே நசநசத்துப் போகும். பேரீச்சம்பழத்தின் சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுடையது. கார்த்திகை, மார்கழியில் கிழக்கில் அடைமழை கொட்டும்போது சொல்லவே வேண்டாம். நன்றாக ஆறவிட்டு, இறுக மூடும் டின்னில் வைத்தால் ஒரு கிழமை வரும். வாழைப்பழம் சேர்ந்திருப்பதால் அதற்கு மேல் வைக்க நினைப்பவர்கள் குளிரூட்டியில் வையுங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சமாகச் செய்வதே சரி.

◆ சுவிட்சர்லாந்து மருத்துவர் பேர்ச்சர் பென்னர் 1900 வாக்கில் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய மூஸ்லியில் ஒரே ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸ்தான் இருந்தது. மீதியெல்லாம் துருவிய அப்பிள், எலுமிச்சைச் சாறு, கொட்டைப் பருப்பு. பாலுக்கு அவர் சேர்த்தது டின்பால்!

முதலாம் உலகப் போர்க் காலத்து நினைவோடு அவுஸ்திரேலியர்களும் நியூசிலாந்தினரும் சுடும் அன்சாக் பிஸ்கட்டிலும் ஓட்ஸ் உண்டு. இப்போது அதில் தேங்காய்ப்பூவும் சேருகிறது. முட்டை கிடையாது, அதனால் நெடுநாள் தாங்கும்.

◆ ஓட்ஸுக்கு முன்பே நம் தாய்மார் ஒரு சத்துருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். சோளம், சோயா, பால்மா கலந்த திரிபோஷா 1973 முதல் கிளினிக் வழியாகக் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிடைத்து வருகிறது. தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து உருட்டினால் அடுப்பே வேண்டாம். அந்தப் பொதி யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவருக்கு மட்டும்தான் போய்ச் சேர வேண்டும். வீட்டில் எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்துத் தின்றால் நிறை கூட வேண்டிய பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது.

◆ ஓட்ஸில் மூன்றில் ஒரு பங்கைக் குரக்கன் மாவாக மாற்றலாம். 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம். ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது உலகமே இதைத் தேடியது. அம்பாறையின் உட்பகுதிச் சேனைகளில் இது எப்போதும் விளைகிறது. மாவை வறுத்துப் போடுங்கள், பச்சை வாடை இருக்காது.

◆ ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் கொடுக்கக்கூடாது, ஒரு துளி நாக்கில் தடவுவதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து அந்தச் சின்னக் குடலில் நஞ்சை உண்டாக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கச்சான், கஜு, வாதுமை எதையும் முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். இடித்துப் போட்ட உருண்டையானாலும் உட்கார வைத்துக் கொடுங்கள். ஓடி விளையாடும் பிள்ளையின் வாயில் திணிக்காதீர்கள்.

◆ நோன்புப் பெருநாள் காலையில் தொழுகைக்குப் புறப்படும் முன் ஒற்றைப்படையில் சில பேரீச்சம்பழங்களை உண்பது நபி (ஸல்) அவர்களின் வழக்கம். அரபு நாடுகளில் அதே பெருநாளுக்குப் பேரீச்சம்பழத்தை உள்ளே வைத்து ஒரு வாய் அளவில் சுடும் மஃமூல் மேசைக்கு வரும். கட்டாரிலும் குவைத்திலும் வேலை பார்த்துத் திரும்பிய நம் ஊர்ப் பெண்கள் பலர் அதைத் தின்று பார்த்தவர்கள், சிலர் சுடவும் கற்று வந்தவர்கள். தொதலும் மஸ்கட்டும் நிறைந்த பெருநாள் தட்டில், எண்ணெயில் பொரிக்காத, சீனி கொட்டாத ஒன்றுக்கு ஓர் ஓரம் கட்டாயம் வேண்டும்.

◆ சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று கரையோர ஊர்களில் வீட்டிலிருந்தே பணியாரம் செய்து விற்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். எள்ளு ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2023 தொடக்கம் எள்ளையும் ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாகப் பொதியில் எழுதியே ஆக வேண்டும். கச்சான் ஒவ்வாமை உயிரையே எடுக்கக்கூடியது. பொதியின் மேல் ஒரு சின்னத் தாளில் உள்ளே என்னென்ன இருக்கிறது, எப்போது சுட்டது என்று எழுதி ஒட்டுங்கள். "சீனி இல்லை" என்று எழுதாதீர்கள், "சீனி சேர்க்கவில்லை, பேரீச்சம்பழம் சேர்த்தது" என்று எழுதுங்கள். வாங்குகிறவர் நீரிழிவுக்காரராக இருந்தால் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் ஒன்று எடுப்பதா நான்கு எடுப்பதா என்று முடிவு செய்வார்.